உள்ளங்கை அளவு கடல்

பூங்கா என்றதும் ரோஜாச் செடியைத் தேடாதீர்கள், நேயர்களே! அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து ஸீஸர் க்ரீக் பூங்காவுக்குப் பூகர்ப்ப சாஸ்திர மாணவிகளோடு போயிருந்தேன். நாங்கள் சுற்றியதெல்லாம் ஏரிக் கலிங்கின் கட்டாந்தரையில்தான். ஆனால் குனிந்து பார்க்க வேண்டுமே! சுமார் 45 கோடி வருஷங்களுக்கு முன் இங்கே அலையடித்த கடலின் பிராணிகள் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன.

அனுமதிச் சீட்டு வேண்டும், சுத்தியல் கூடாது, உள்ளங்கையில் அடங்குவதை மட்டுமே எடுக்கலாம். ஒரு மாணவி வெகுநேரம் தேடி எடுத்த கல்லில், சிப்பி போன்ற ஓடுகளும் கடல் அல்லிக் காம்புகளும் நெருக்கியடித்துக் கிடந்தன. கையை எவ்வளவு விரித்தும் இரண்டு விரற்கடை வெளியே நீண்டது. காவலர் எவரும் அருகில் இல்லை. 'பையில் போட்டுக்கொள்ளேன்' என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளோ எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அடுத்த கல்லைப் பார்க்கக் குனிந்தாள்.