வழியுரைப்போர் கடன்

ஓர் ஊரை நன்கு அறிந்தவர் யார்? அதன் பெருஞ்சாலையை மட்டும் அறிந்தவர் அல்லர். சிறுவழிகளையும் அறிந்தவரே ஆவர். என் ஊர் அச்சரப்பாக்கம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு இற்ற இடமாதலின் அச்சிறுபாக்கம் எனப் பெயர் பெற்றது என்று தலபுராணம் கூறும். அச்சு முறிந்த ஊரில் பிறந்தோர் வழியின் இயல்பைப் பிறரினும் நன்கு அறிதல் வேண்டும் என்று யான் மாணவரிடம் நகையாகக் கூறுவதுண்டு.

சென்னையையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் நெடுஞ்சாலை எம் ஊரை ஒட்டிச் செல்கிறது. அதனின்று சற்றே விலகினால் ஏரிக்கரை, வண்டித்தடம், வயல்வரப்பு, வச்சிரகிரிக் குன்றின் சாரலில் ஆடு மேய்ப்போர் நடந்து நடந்து ஆக்கிய ஒற்றையடிப் பாதை எனப் பல வழிகள் உள. எல்லாம் வழிகளே, எனினும் ஒன்றன் இயல்பு மற்றொன்றற்கு இல்லை. ஏரிக்கரையில் மிதிவண்டி இனிது செல்லும். வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடத்தலே இயலும். பாறைச் சரிவிலோ காலோடு கையையும் ஊன்ற நேரும்.

என்னிடம் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் ஒரு கோடை நாளில் மிதிவண்டியில் வந்தார். "ஐயா, நம் ஊர் வழிகளை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் குறித்து வருகிறேன். தாங்கள் உதவ வேண்டும்" என்றார். அது 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பார் தொடங்கிய உலகப் படம். எவரும் தாம் அறிந்த வழியை அதில் வரையலாம். மூலத்தைச் சுட்டி எவரும் அதனை எடுத்தாளலாம்.

கோடு வரைந்த அளவில் அப்பணி முடிவதில்லை. வழியின் இயல்பைக் கூறும் குறிப்புகளையும் அக்கோட்டுடன் சேர்த்தல் வேண்டும். வண்டித்தடத்தின் உறுதியை ஐந்து படிகளாகப் பகுப்பர். முதற்படி கெட்டித் தரை, ஐந்தாம் படி மென்மண். மலைநடைக்குச் சுவிட்சர்லாந்து நாட்டு மலையேறுவோர் சங்கம் வகுத்த ஆறு படிகளை ஆள்வர். அவற்றுள் முதலாவது எவரும் நடக்கத்தக்க எளிய பாதை. ஆறாவது தேர்ந்த மலையேறிகட்கே உரியது. மலை மிதிவண்டிக்குச் சுழி முதல் ஆறு வரை வேறு படிகள் உண்டு. நடப்பவர்க்கு எளிதாகும் படிக்கட்டு மிதிவண்டிக்கு அரிதன்றோ?

"எல்லாவற்றையும் பாதை என்று குறித்தால் போதாதா, ஐயா?" என்று அவர் வினவினார்.

"தம்பி, வரப்பையும் பாறைச் சரிவையும் நீ கண்டிருக்கிறாய். படத்தைக் காண்பவர் கண்டிலர். இரண்டும் ஒரே கோடாகத் தோன்றினால், குழந்தையுடன் வருபவர் எதனைத் தேர்வார்?" என்றேன்.

வண்டித்தடத்தை அவர் கெட்டித் தரை என எழுதியிருந்தார். ஐப்பசி மழையிலும் அதனைச் சென்று காணுமாறு கூறினேன். சென்றார்; சக்கரம் பாதியளவு சேற்றில் புதைந்தது. அன்றே குறிப்பைத் திருத்தினார்.

இம்முறை தமிழருக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனிடம் பரிசில் பெற்ற கூத்தன் எதிர்வந்த கூத்தருக்கு வழி கூறுவதாக அமைந்தது. அவன் திசையை மட்டும் சுட்டி அமைந்தானல்லன். பன்றிக்கு வைத்த பொறிகளையும், பாம்பு உறையும் குழிகளையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களையும், வழுக்கும் பாறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தான். வழி பிரியும் இடத்தில் அடையாளமாகப் புல்லை முடிந்து இடுமாறும் பணித்தான். அப்புல்முடிச்சே இன்று படத்தில் இடும் குறிப்பாயிற்று.

இது வெறும் எழுத்து வேலை அன்று. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடந்து சென்றோர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அதன்பின் மலைநடைக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழிகளைத் தேர்ந்து, எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என மூவகையாகப் பிரித்து அறிவித்தது. வழி உண்டு என்பது ஒன்று. அதில் செல்ல உரிமை உண்டு என்பது மற்றொன்று. காட்டுவழியைக் குறிப்போர் இவ்விரண்டையும் தனித்தனியே எழுதுதல் வேண்டும்.

மாணவர்களே! நீங்களும் உங்கள் ஊர் வழிகளை ஒருநாள் குறிக்கக்கூடும். நடந்து கண்டதையே எழுதுங்கள், கேட்டதை எழுதாதீர்கள். கடினமானதை எளிதென்று கூறி எவரையும் அழைக்காதீர்கள். எங்கோ இருக்கும் முகமறியாத ஒருவர், நீங்கள் இட்ட குறிப்பை நம்பியே அடுத்த அடியை எடுத்து வைப்பார்.