முதுகுப் பக்கம்

மயிலாடியின் சிற்பக்கூடங்களில் சாமி சிலைகளைச் சுற்றிவந்து பார்க்கலாம். கோயிலில் அது வாய்க்காது. அங்கே நமக்குக் கிடைப்பது முகம். அதுவும் சந்தனக்காப்பும் பட்டும் போக மிஞ்சியது. ஒரு கூடத்தில் அம்மன் சிலைக்குப் பின்னால் குந்தியிருந்து ஒருவர் சடை செதுக்கிக்கொண்டிருந்தார். மெல்லிய உளி, சின்னச் சுத்தியல், கல்தூசி படிந்த புருவம். ஒவ்வொரு தட்டுக்கும் அரிசிக்குறுணை அளவு கல் தெறித்தது. ஒரு புரி மற்றொன்றின் அடியில் புகுந்து வெளிவரும் இடத்தில் வெகுநேரம் நின்றார். கருவறைக்குள் போனபின் அந்தப் பின்னலை அபிஷேகம் செய்கிற கை மட்டும் தடவிப்போகும்.

கதாபாத்திரத்துக்கு ஆழம் வேண்டும் என்று யாராவது பேசினால் எனக்கு அந்தச் சடைதான் நினைவுக்கு வருகிறது. உயரம், நிறம், படிப்பு, பிடித்த பலகாரம் என்று பட்டியல் போடச் சொல்லித்தருகிறார்கள். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் ஆள் எழுந்து நடப்பதில்லை.

பக்கத்து நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திக்கொண்டே எழுதியவர் சுந்தர ராமசாமி. 1981இல் வந்த 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலில் தொடக்கத்திலேயே நாயகனின் சாவைச் சொல்லிவிடுகிறார். ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன், கால்பந்து ஆடியவன், 39 வயதில் 1960 ஜனவரி 5 அன்று இறந்துபோகிறான். அதற்கு முந்தின நாள்தான் பிரான்சில் எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் மாண்டார். அது நிஜம். அந்த ஒரு நாள் இடைவெளிக்குள் கற்பனை மனிதன் ஒருவன் உலக வரலாற்றில் இடம் பிடித்துவிட்டான். இவன் வாழ்ந்த ஆள்தான் என்று நம்பியவர்கள் உண்டு, மலையாள எழுத்தாளர் சி.ஜே. தாமஸ்தான் இவன் என்று சொன்னவர்களும் உண்டு.

தேதி கொடுத்த உயிர் பாதிதான். மீதியைக் கொடுப்பவன் பாலு. ஜே.ஜே.யை ஆராதிக்கும் இந்தத் தமிழ் எழுத்தாளன், அவனை அறிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதுகிறான். பிற்பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்பே பேசுகிறது. பாலு வணங்கிய ஆளுக்கும் தனக்குத்தானே எழுதிக்கொண்டவனுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதே, ஜே.ஜே. மூச்சுவிடுவது அங்கேதான்.

நாஞ்சில் நாடன் கதைகளில் வரும் கும்பமுனியும் அப்படித்தான். உலகத்தின்மேல் கோபம் ஆறாத முதிய எழுத்தாளர். தனியே விட்டால் அவர் பேசுவது பிரசங்கமாகிவிடும். தவசிப்பிள்ளை கண்ணுபிள்ளை கூடவே இருந்து எதிர்ப்பேச்சு பேசுவதால் பிழைத்தார். கிழவரின் நாக்கும் நோக்காடும் சமையல் செய்கிறவருக்கு அத்துப்படி.

ஒருவனுடைய முதுகுப் பக்கத்தைப் பார்த்தவர் யார் என்பதைத்தான் நான் இப்போதெல்லாம் முதலில் தேடுகிறேன். கையில் இருக்கும் கதையில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் வருகிறார். எல்லைத் தகராறென்றால் ஊரே அவரிடம்தான் போகும். அந்த நேர்மையை எழுத எழுத அவர் அசையாமல் நின்றார். அவருடைய மயினி, அண்ணன் மனைவி, வந்த பிறகுதான் கதை நகர்ந்தது. சொந்த அண்ணனின் வயல் வரப்பை அவர் எந்தப் பக்கம் நகர்த்தினார் என்று அறிந்தவள் அவள் ஒருத்திதான். ஊரறிய எதுவும் சொன்னதில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் இலையைப் போட்டுக்கொண்டே கேட்பாள்: "என்ன கொழுந்தப்பிள்ளே, சங்கிலி கொண்டாந்தியளா?"