உப்பும் அயலும்

சென்ற ஆண்டு எங்கள் விடுதியின் மாலை வழிபாட்டிற் பேசும் பேறு எனக்குக் கிட்டியது. மலைப்பிரசங்கத்தில் வரும் உப்பைப் பொருளாகக் கொண்டேன். ஒரு சிட்டிகை உப்பு ஒரு குடம் நீர் அனைத்தின் இயல்பையும் மாற்றுதல் போலத் தனியொருவன் உலகனைத்தையும் மாற்ற வல்லான் என்று முழங்கினேன். கேட்டோர் மகிழ்ந்தனர், யானும் செருக்குற்றேன்.

அன்றிரவு, இரசாயனம் பயிலும் என் அறைத்தோழன், "உன் தமிழ் நன்று, ஆனால் உன் உப்பு அவ்வளவு தூரம் செல்லாது" என்றான். யான் சினந்தேன். அவனோ பொறுமையுடன் விளக்கலானான்.

நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் உடையது. ஒன்றன் ஹைட்ரஜனை அடுத்ததன் ஆக்சிஜன் ஈர்க்கின்றது. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. ஒரு மூலக்கூறு நான்கு அயலாரோடு இங்ஙனம் கைகோத்தல் கூடும். அப்பிணைப்பு, நொடியின் இலட்சங்கோடியில் ஒரு பங்கை ஒத்த காலமே நிலைத்து, அறுந்து, மீண்டும் கூடும். உப்புக் கரையுங்கால் சோடியம் நேர்மின் அயனியாகவும் குளோரைடு எதிர்மின் அயனியாகவும் பிரிகின்றன. முன்னது நீரின் ஆக்சிஜனையும், பின்னது ஹைட்ரஜனையும் தன்பால் திருப்பும். சூழ்ந்த மூலக்கூறுகள் பழைய பிணைப்புக்களுட் சிலவற்றைத் துறந்து அயனியை நோக்கி நிற்கும்.

இத்தாக்கம் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதே வழக்கு. 1888-இல் பிராகு நகரத்து ஹோப்மைஸ்டர், முட்டை வெண்கருவின் புரதத்தைக் கரைசலினின்று பிரிக்கும் ஆற்றலில் உப்புக்கள் வேறுபடுதலைக் கண்டு வரிசைப்படுத்தினார். பிற்காலத்தார், நீரின் கட்டமைப்பை ஆக்கும் அயனிகள், அழிக்கும் அயனிகள் என இருவகை வகுத்து, அவற்றின் ஆட்சி நெடுந்தொலைவு பரவும் எனக் கொண்டனர். 2003-இல் நெதர்லாந்து ஆய்வாளர், அகச்சிவப்பு ஒளித்துடிப்புக்களால் மூலக்கூறுகள் திரும்பும் விரைவை அளந்தனர். தாம் ஆய்ந்த உப்புக்களில், அயனியை அடுத்த முதற்சுற்றுக்கு அப்பால் மாற்றம் ஏதும் காணாராயினர். ஒரு சிட்டிகை உப்பின் அயனிகள் குடமெங்கும் பரவினும், அவற்றைத் தொடாத மூலக்கூறுகளே மிகப் பல.

"எனின், யான் பேசியது முழுதும் பொய்யோ?" என்றேன்.

"இன்னும் கேள்" என்றான் அவன். நீரை வலிதாகப் பற்றும் மெக்னீசியமும் சல்பேட்டும் ஒரே கரைசலிற் கூடுங்கால், அவை இரண்டுமாகப் பிணைப்பு வலையை முதற்சுற்றுக்கு அப்பாலும் தடுத்து நிறுத்துதல் 2010-இல் அறியப்பட்டதாம்.

இவ்வாண்டு மீண்டும் பேசும் முறை வந்தபோது, முதற்கண் என் பிழையை அறிக்கையிட்டேன். உலகை மாற்றுதல் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உணவுக்கூடத்தில் ஒரு பருவம் முழுதும் என் பக்கத்தில் அமர்ந்திருந்தும், ஊர்ப்பெயரையும் யான் கேளாதிருந்த முதலாண்டு மாணவன் ஒருவனைப் பற்றிப் பேசினேன். அன்று கேட்டோர் முன்போற் புகழவில்லை. மறுநாள் முதல் யானும் என் தோழனும் அம்மாணவனின் இருபுறமும் அமர்ந்து உண்கின்றோம்.