இடது பக்கம் திரும்பினால்

கரண்ட் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். எங்கள் தெருவில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் முதலில் என் வாசலுக்குத்தான் வருவார்கள். அப்படிப்பட்டவனை சொந்த மோட்டார் சைக்கிளே ஒன்றரை மாதம் படுத்தி எடுத்த கதை இது.

1988-ஆம் வருஷம். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 350 சிசி வண்டி ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். லீவு கிடைத்தால் பின்னால் மனைவி, பக்கவாட்டில் ஒரு பை, எங்காவது கிளம்பிவிடுவோம். அந்தத் தடவை கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில்.

காரவள்ளியிலிருந்து மலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியிருப்போம். ஒரு வளைவில் திருப்பும்போது எஞ்சின் பட்டென்று நின்றுவிட்டது. இறங்கி உதைத்தேன், ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடி. மூன்றாவது தடவை நின்றபோது எதிரே பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி பின்னால் உருள, காலை ஊன்றியும் தாங்க முடியவில்லை, சாய்ந்துவிட்டோம். டிரைவர் பிரேக் போட்டு நாலடி தள்ளி நிறுத்தினார். மனைவிக்கு முழங்கையில் தோல் உரிந்தது. அர்ச்சனைத் தேங்காய் உருண்டு பள்ளத்தில் போயிற்று.

ஊர் திரும்பியதும் மெக்கானிக் பாயிடம் விட்டேன். ப்ளக் மாற்றினார், பாயின்ட் தேய்த்தார், கண்டன்சர் மாற்றினார், கடைசியில் காயிலும் புதிது. சேந்தமங்கலம் ரோட்டில் நேராக ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில ஒண்ணுமே இல்ல சார்" என்பார். அவர் சொன்னதும் பொய்யில்லை. வந்து வந்து போகிற கோளாறு அப்படித்தான்; பார்க்கிற நேரத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும். ஹாரனும் ஹெட்லைட்டும் எப்போதும் வேலை செய்ததால், கரண்டில் குறையில்லை, பெட்ரோலில்தான் தண்ணீர் என்று நானும் தீர்ப்புச் சொல்லி டேங்கைக் கழுவினேன். அப்புறமும் எங்கள் தெருமுனையில் ஒரு நாள் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "என்னங்க, மலையில நின்ன மூணு தடவையும் நான் பாத்துக்கிட்டிருந்த பக்கமாத்தான் திரும்பிச்சு."

"வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். அவள் மொச்சையோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவள் பின்னால் ஒருபக்கமாக, இடப்பக்கம் பார்த்து உட்காருகிறவள். ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. எங்கள் தெருவுக்குள் வருவதற்கும் இடப்பக்கம்தானே திரும்ப வேண்டும்!

தூக்கம் போயிற்று. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, கிக்கரை மெல்ல அழுத்தி, பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் நிறுத்தினேன். சாவியைத் திருகியதும் அம்மீட்டர் முள் இறக்கத்துப் பக்கம் சாய்ந்தது. காயிலுக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். ஹாண்டிலை வலது பக்கம் கடைசிவரை திருப்பினேன், முள் அசையவில்லை. இடது பக்கம் திருப்பினேன், பூஜ்யத்துக்குப் போய் நின்றது. நேராக்கினால் மறுபடி சாய்ந்தது. பத்துத் தடவை செய்து பார்த்தேன், சின்னப் பையன் மாதிரி.

சாவியிலிருந்து காயிலுக்குப் போகிற வயர், ஹாண்டில் கழுத்துப் பக்கம் வளைகிற இடத்தில், உள்ளே அறுந்திருந்தது. மேலே ரப்பர் உறை முழுசாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. நேராக இருக்கும்போது செம்புக் கம்பிகள் தொட்டுக்கொண்டிருக்கும், இழுபட்டால் விலகிவிடும். ஹாரனுக்கும் லைட்டுக்கும் வேறு வயர், அதனால் அவை பிழைத்தன.

அது ஏன் அங்கே அறுந்தது? அந்த இடத்தில் வயர்க் கற்றையை யாரோ சணல் போட்டு இறுக்கிக் கட்டி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். அசைய இடமே இல்லை. அந்த முடிச்சை எனக்கு நன்றாகத் தெரியும். புது ஹாரன் மாட்டிய அன்று, வயர் தொங்கினால் அசிங்கமாக இருக்கிறது என்று நான் போட்டதுதான்.

புது வயர் ஒரு முழம், கொஞ்சம் தொய்வு விட்டு. அவ்வளவுதான் வேலை. பாயிடமும் போய் விவரம் சொன்னேன், சிரித்தார். அடுத்த மாதம் மறுபடி கொல்லிமலை ஏறினோம். 70 வளைவையும் பின்னால் உட்கார்ந்து அவள் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

சணல் கட்டியது யார் என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் அவளுக்குத் தெரியும்.