பூட்டு பெரிசா, சின்னதா?

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் பூட்டைப் பற்றி இரண்டு மார்க் கேள்வி வரும். இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். லினக்ஸ்காரர்களுக்கோ அது பதினைந்து வருஷ வேலை!

ஆரணியில் எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டி கஞ்சி போட்டால், அது காய்கிறவரை சைக்கிள்கூட நுழையாது. ஒரு வீட்டு வேலைக்குத் தெருவே நிற்கும். 1996-இல் வந்த லினக்ஸ் 2.0 இப்படித்தான். பல பிராசஸர்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் கெர்னலுக்குள் நுழைய ஒரே பெரிய பூட்டு. நாலு பிராசஸர் இருந்தாலும் ஒன்று உள்ளே, மூன்று வாசலில்.

அப்புறம் பூட்டைப் பிரித்தார்கள். ஆனாலும் ஃபைல் பெயர்களை நினைவில் வைக்கும் 'டிகேஷ்' முழுவதுக்கும் ஒரே பூட்டு. ஒவ்வொரு பெயரும் அதில் சங்கிலியாகக் கோர்த்த பட்டியல்களில் இருக்கும். ஒரு பெயரைச் சும்மா தேடவும் காத்திருக்கணும்!

பெங்களூர் ஐ.பி.எம்.மில் இருந்த தீபங்கர் சர்மா, மனீஷ் சோனி இருவரும் பால் மெக்கென்னியோடு சேர்ந்து இதை மாற்றினார்கள். 'ஆர்.சி.யு.' என்ற அந்த முறை 2002-இல் கெர்னலில் சேர்ந்தது. படிப்பவர் பட்டியலைப் பூட்டாமலே தேடலாம். மாற்றுபவர் மட்டும் பூட்டணும்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். இருந்த இரண்டு தறியில் ஒன்றை என் ஃபீஸுக்காக விற்றவர். என்ன படிக்கிறேன் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. "ஒருத்தர் பட்டியலைப் படிச்சுக்கிட்டிருக்கும்போதே இன்னொருத்தர் நடுவுல ஒண்ணை உருவிடலாம்பா" என்றேன். நாடாவை நிறுத்தாமலே கேட்டார்: "உருவினது மேல ஒருத்தன் கை வெச்சிருந்தான்னா?"

சரியான இடத்தில் பிடித்துவிட்டார்! சங்கிலியிலிருந்து கழற்றினாலும் அதை உடனே அழிப்பதில்லை. புதிதாக வருபவருக்கு அது கண்ணில் படாது. ஏற்கெனவே அதில் நிற்பவருக்கு, அடுத்த கண்ணிக்கு வழிகாட்டும் பாயின்டர் அப்படியே இருக்கும். அப்படி நிற்பவர்கள் எல்லோரும் முடித்த பிறகே மெமரி விடுவிக்கப்படும். "அதானே பார்த்தேன்" என்றார்.

டிகேஷின் அந்தப் பொதுப் பூட்டு, நிக் பிக்கினின் உழைப்பால் 2011 மார்ச்சில் 2.6.38-இல் போனது. பழைய பெரிய பூட்டின் மிச்சமும் அதே மே மாதம் 2.6.39-இல் ஒழிந்தது.

சின்னப் பூட்டுகளிலும் வம்பு உண்டு. ஒருவர் தாய் டைரக்டரியைப் பூட்டிவிட்டுக் குழந்தைக்கும், இன்னொருவர் குழந்தையைப் பூட்டிவிட்டுத் தாய்க்கும் காத்திருந்தால் இரண்டு பேருமே நகர மாட்டார்கள். அதனால் முதலில் தாய், பிறகு குழந்தை. டிகேஷ் ஃபைலின் தலைப்பிலேயே இந்த வரிசையை எழுதி வைத்திருக்கிறார்கள். லேபில் நெட் கிடைக்கிற அன்றைக்குத் திறந்து பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள்!