தலையிழந்த ஏடு

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருகவெனப் பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள் பணித்தபோது, கல்லூரியன்னையின் புகழை எழுதவே முதலில் எண்ணினேன். அதற்கு என்னினும் வல்லார் பலருளர். ஆதலின், யான் ஆசிரியனாகியபின் செய்த பிழையொன்றை எழுதத் துணிந்தேன்.

பெருமழை பெய்த ஓர் இரவு, 11 மணியிருக்கும். படுக்கையிற் கிடந்தவாறே கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளங் காரணமாக மறுநாட் பாடசாலைகள் நடைபெறா என்னும் அறிவித்தலின் படமொன்று வட்ஸ்அப்பில் வந்தது. இலச்சினையும் கையொப்பமும் இருந்தன. உடனே அதனை என் வகுப்பு மாணவரின் குழுவுக்கு அனுப்பிவிட்டு உறங்கினேன். அஃது உண்மையான அறிவித்தலே. ஆனால் முந்திய ஆண்டுக்குரியது. திகதியிருந்த மேற்பகுதியை யாரோ வெட்டியிருந்தனர்.

மறுநாட் பாடசாலை வழமைபோல் நடைபெற்றது. விவாத அணிக்கு மாணவரைத் தெரிந்ததும் அன்றே. இரண்டு மாதங்களாகக் கண்ணாடிமுன் நின்று பேசிப் பழகிய மாணவன் ஒருவன் வரவில்லை. அவனுக்குரிய இடம் வேறொருவனுக்குச் சென்றது. மீண்டுந் தெரிவு நடத்துமாறு வேண்டினேன், பெயர்ப்பட்டியல் அனுப்பப்பட்டுவிட்டது.

"நீங்கள் அனுப்பினபடியால் நான் வேறு ஒருவரையும் கேட்கவில்லை, சேர்" என்றான் அவன். குரலிற் கோபமில்லை, அதுவே என்னைப் பெரிதும் வருத்திற்று. அவன் நம்பியது இலச்சினையையன்று, என் பெயரை.

எனது வெட்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் சிறுவராயிருந்த 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே வானொலி கேட்டோம். அயலவர் கூடி இலங்கை வானொலியையும், பி.பி.சி. தமிழோசையையும், மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பர். எங்கு ஒத்தன, எங்கு முரணின, எவர் எதனைச் சொல்லாது விட்டனர் என்று வாதாடிய பின்பே ஒரு முடிவுக்கு வருவர். கை ஓயச் சில்லைச் சுழற்றும் வேலை எம்போன்ற சிறுவருடையது. செய்தி பெற அவ்வளவு உழைக்க வேண்டியிருந்தமையாற்போலும், அதனை எளிதில் நம்பினோமல்லோம். அக்காலத்தை யான் போற்றுவதாக எவரும் எண்ணற்க. போர்க்காலத்தை யார் போற்றுவர்? எனினும் அப்பயிற்சி பெற்ற யானே ஒரு படத்தைக் கண்டு ஏமாந்தேன்.

அடுத்த வாரம் தரம் 11 வகுப்பில் அவ்வறிவித்தலைக் கரும்பலகையில் எழுதி, அதனை ஓர் ஏட்டுப்பிரதியாகக் கொண்டு ஆராயுமாறு மாணவரிடங் கூறினேன். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஒரு பிரதியோடு அமையவில்லை. பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டார். ஒருவர் பிழைபட எழுதினால் அப்பிழை அடுத்த ஏட்டுக்குஞ் செல்லும். முதலேடு சிதைந்தால் நூலின் வரலாறே மறையும். இவ்வறிவித்தலின் தலை எங்கே? முதலில் வெளியிட்டவர் எவர்? அவரது சொந்தத் தளத்தில் இஃது உண்டா? மாணவர் இவ்வாறு வினவத் தொடங்கினர். பாடபேதம் என்னுஞ் சொல் பரீட்சைக்கு அப்பாலும் பயன்படுமென அன்றுதான் கண்டனர். உண்மையைச் சொன்னால், யானும் அன்றுதான் கண்டேன்.

வட்ஸ்அப்பிற் பலர் கைமாறி வரும் செய்தி இரட்டை அம்புக்குறி பெறுகிறது. 2020 ஏப்ரல் தொடக்கம் அத்தகையதை ஒரு தடவையில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மாத்திரமே அனுப்ப இயலும். எனக்கு வந்த படத்திலும் அக்குறி இருந்தது, யான் கவனித்திலேன். 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டக் கலவரத்தின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும் அரசு சமூக ஊடகங்களைச் சில நாள் முடக்கிற்று. அக்கதவடைப்பு அவ்வேளைக்கு உதவியதோ இல்லையோ, கதவு திறந்தபின் வாசிக்கும் வகையை அது எவருக்குங் கற்பிக்கவில்லை.

அன்றிரவு யான் அயர்ந்த கண்ணோடு வாசித்தேன் என்பதையும் மறைத்தலாகாது. வினவியபோது, மாணவர் பலர் நள்ளிரவு கடந்தும் கைத்தொலைபேசியோடு விழித்திருப்பதை ஒப்புக்கொண்டனர். போதிக்கும் தகுதி எனக்கில்லை. ஆகவே இரவு 9 மணிக்கு எனது கருவியைச் சுவாமியறை வாசலில் வைத்துவிடுவதாக அவர்களுக்கு வாக்களித்தேன். இருமுறை வாக்குத் தவறியுமுள்ளேன்.

அம்மாணவன் மறு ஆண்டு விவாத அணியில் இடம்பெற்றான். நம் கல்லூரி விழாவையொட்டிய விவாதப் போட்டியின் அறிவித்தலைச் சென்ற மாதம் அவனுக்கு அனுப்பினேன். "சேர், இதிலே திகதி இல்லையே" என்று மறுமொழி வந்தது. எடுத்துப் பார்த்தேன், உண்மையில் இல்லை.