என்னைத் தூக்கி விடு!

தென்காசியில் சொந்த வீடு இருப்பது ஒரு யோகம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். யோகம்தான், சந்தேகமே இல்லை. ஜூன் மாதம் முதல் சாரல் விழுந்ததும் அந்த யோகம் பெட்டி, படுக்கை, ஈரத்துண்டு சகிதம் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும்.

மற்ற மாதங்களில் நாம் இருக்கிறோமா, போய்விட்டோமா என்றுகூட விசாரிக்காத சொந்தங்கள் சீசன் வந்ததும் போன் போடுவார்கள். "எல்லாரும் சௌக்கியமாய்யா?" என்பது முதல் கேள்வி. "அருவியில தண்ணி எப்படி விழுது?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும். "நல்லா விழுது" என்றால் சனிக்கிழமை காலை வாசலில் ஆட்டோ நிற்கும். "அவ்வளவா இல்லையே" என்றால், "பரவால்ல, உங்களையெல்லாம் பாத்த மாதிரி இருக்கும்" என்று அதே சனிக்கிழமை, அதே ஆட்டோ.

வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. மதுரை வெயிலிலும் சென்னை வேர்வையிலும் வெந்துபோனவர்களுக்குக் குற்றாலம் மருந்து. பேரருவியில் ஒரு குளியல், ஐந்தருவியில் ஒன்று, பழைய குற்றாலத்தில் ஒன்று, நடுவில் எண்ணெய் மசாஜ். அப்பா வழிகாட்டி. நான் டிரைவர், மற்றும் செருப்புக் காவல். அருவியில் குளித்தவன் பசி இருக்கிறதே, அது தனி ரகம். வீட்டுப்படி ஏறும்போதே இலையைத் தேடும்.

இலைக்கு அந்தப் பக்கம் அம்மா.

எங்கள் வீட்டிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் சாரல் சீசனில் அம்மா அருவியில் குளித்துப் பல வருஷமாகிறது. காலையில் பதினைந்து பேருக்கு இட்லி. இட்லிச் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் மதியச் சமையல். ஒருமுறை மார்ச் மாதம் ஒரு கல்யாணத்துக்குக் குற்றாலம் போயிருந்தாள். "அருவி இருந்த இடத்தைப் பாத்துட்டு வந்தேன்" என்றாள்.

'ஹோட்டலில் வாங்கினால் என்ன?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வாங்கலாம். இந்த விஷயத்தில் எங்களுக்கு ஆண்டவன் ஒரு சலுகை தந்திருக்கிறான். செங்கோட்டை போகிற வழியில் பிரானூர் பார்டர். அங்கேயிருந்து பரோட்டாவும் கோழியும் பார்சல் வாங்கி வந்தால் எந்த விருந்தாளியும் முகம் சுளிப்பதில்லை. வாங்கி வராவிட்டால்தான் சுளிப்பார்கள். ஆகவே ஞாயிறு மதியம் அடுப்புக்கு விடுமுறை விட்டிருக்க வேண்டும். விட்டதில்லை. காரணம், அம்மாவின் சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு.

"பரோட்டா கடையில வாங்கலாம்யா. ஆனா வந்தவங்களுக்கு ஒரு இனிப்பாவது வீட்ல செஞ்சு போடணும்லா?"

பால் பாயசம் சும்மா ஆகிவிடுமா? பதினைந்து பேருக்கு மூன்று லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்ச வேண்டும். அடிப்பிடிக்காமல் கிண்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் மற்ற எல்லோரும் பேரருவியில் நிற்பார்கள்.

இந்த நிலைமையில்தான் எங்கள் வாழ்க்கையில் இத்தாலி குறுக்கிட்டது.

பெங்களூரிலிருந்து எங்கள் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த நண்பன் தன் கல்யாண நாளுக்கு ஒரு டப்பா நிறைய எதையோ கொண்டுவந்தான். கீழே காபி வாசனையில் ஊறிய பிஸ்கட், மேலே வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஓர் அடுக்கு, அதற்கும் மேலே கோகோ பொடி. பெயர் டிராமிசு. ருசியைவிட அவன் சொன்ன இரண்டு விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒன்று, இதற்கு அடுப்பே வேண்டாம். இரண்டு, முதல் நாளே செய்து வைத்தால்தான் நன்றாக இருக்கும்.

ஒன்றரை மணி நேரம் என் கண்முன் வந்து நின்றது.

டிராமிசுவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. நம் அல்வா போல அது புராதனமானதல்ல. இத்தாலியில் வெனிஸ் நகரத்துக்கு வடக்கே டிரெவிசோ என்று ஓர் ஊர். அங்கே 'லே பெக்கரியே' என்ற உணவகத்தில் 1972-ல்தான் இது பட்டியலில் ஏறியது என்று சொல்கிறார்கள். உரிமையாளர் ஆடோ காம்பெயோல் 2021-ல், 93 வயதில் காலமானபோது உலகப் பத்திரிகைகளெல்லாம் அவரை 'டிராமிசுவின் தந்தை' என்று எழுதின. ஆனால் செய்தவர் அவரில்லை. செய்தது அவர் மனைவி ஆல்பாவும், ராபர்ட்டோ லிங்குவனோட்டோ என்கிற சமையல்காரரும். (அடுப்படியில் ஒருத்தர் நிற்க, பேர் இன்னொருத்தருக்குப் போவது இத்தாலியிலும் உண்டு போல!)

எது ஒரிஜினல் என்ற சண்டை அல்வாவுக்கும் பரோட்டாவுக்கும் மட்டும் சொந்தமா என்ன? பக்கத்து மாநிலமான ஃப்ரியூலி, 'இது எங்களுடையது, நாங்கள் 1950-களிலேயே செய்தோம்' என்கிறது. 2017-ல் இத்தாலி அரசே ஃப்ரியூலியின் பாரம்பரியப் பண்டங்கள் பட்டியலில் டிராமிசுவைச் சேர்த்துவிட, டிரெவிசோ இருக்கிற வெனெட்டோ மாநிலத்துக்காரர்கள் கொதித்துப் போனார்கள்.

எனக்குப் பிடித்தது அந்தப் பெயர்தான். டிராமிசு என்றால், 'என்னைத் தூக்கி விடு' என்று அர்த்தம். ஆல்பாவுக்குப் பிள்ளை பிறந்து களைத்துக் கிடந்தபோது, தெம்புக்காக மாமியார் முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு அடித்து, காபி கலந்து கொடுத்தாராம். அந்த ருசியிலிருந்து இந்தப் பண்டம் பிறந்ததாக ஒரு கதை. நம்மூரில் பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிளறிக் கொடுக்கிறோமே, அதன் இத்தாலியச் சகோதரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, இது யாருக்காக உண்டான இனிப்பு? சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிறவனுக்காக இல்லை. களைத்துப்போனவளுக்காக.

சரி, செய்முறைக்கு வருவோம். இத்தாலிக்காரன் மஸ்கர்போனே என்று ஒரு பாலாடைக்கட்டி போடுகிறான். பாலேட்டைச் சூடாக்கி, புளிப்பு சேர்த்துத் திரிய வைத்து, வடிகட்டி எடுப்பது. எங்கள் மளிகைக் கடைக்காரரிடம் கேட்டேன். "மஸ்கோத் அல்வா இருக்கு. வேணுமா?" என்றார். ஆகவே அதற்குப் பதில் வடிகட்டிய தயிர். 'சவொயார்டி' என்கிற விரல் பிஸ்கட்டுக்குப் பதில் மேரி பிஸ்கட். அவன் பச்சை முட்டை சேர்க்கிறான். வயசானவர்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் பச்சை முட்டை வேண்டாம், விட்டுவிடுங்கள். காபிக்கு மட்டும் பதில் கிடையாது. அந்த விஷயத்தில் இத்தாலிக்காரன்தான் நம்மிடம் வந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

பதினைந்து பேருக்குக் கணக்கு இது. கொழுப்பெடுக்காத பால் இரண்டு லிட்டர். ஃப்ரெஷ் கிரீம் ஒரு பாக்கெட், 200 மில்லி. பொடித்த சர்க்கரை 200 கிராம். மேரி பிஸ்கட் ஐம்பது. கெட்டி டிகாக்‌ஷன் 300 மில்லி. இனிப்பில்லாத கோகோ பொடி இரண்டு மேஜைக் கரண்டி.

வியாழன் இரவு பாலுக்கு உறை ஊற்றுங்கள். வெள்ளிக்கிழமை தயிர் புளிக்குமுன் ஒரு சுத்தமான வேட்டித் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, கீழே பாத்திரம் கொடுத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ராத்திரி முழுக்க வடிய விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் புளித்துவிடும். புளித்தால் அது டிராமிசு இல்லை, பச்சடி. சனிக்கிழமை பார்த்தால் முக்கால் கிலோ கெட்டித் தயிர் வெண்ணெய் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கிரீம் பாக்கெட்டைக் குலுக்காமல் குளிர வையுங்கள். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற கிரீமில் 25 சதவிகிதம்தான் கொழுப்பு. எவ்வளவு அடித்தாலும் பேக்கரி கிரீம் மாதிரி நுரைத்து நிற்காது. கை வலிக்க அடிக்க வேண்டாம். மேலே நிற்கிற கெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, அடியில் தங்குகிற தண்ணீரை விட்டுவிடுங்கள். தயிர், கிரீம், சர்க்கரை மூன்றையும் கரண்டியால் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். மிக்ஸி கூடாது. மிக்ஸியில் போட்டால் லஸ்ஸி.

டிகாக்‌ஷனில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு நன்றாக ஆற விடுங்கள். இப்போது முக்கியமான கட்டம். ஒவ்வொரு பிஸ்கட்டாக டிகாக்‌ஷனில் முக்கி எடுக்க வேண்டும். சார், இதற்குப் பயிற்சி வேண்டுமா நமக்கு? டீக்கடையில் நின்று பிஸ்கட் முக்கி வளர்ந்த பரம்பரை இது! முக்கினால் ஒரு விநாடி. இரண்டு விநாடி ஆனால் பாதி பிஸ்கட் கிளாசுக்குள் காலமாகிவிடும் என்பது ஆபீஸ் போகிற எவனுக்கும் தெரியும்.

பன்னிரண்டுக்கு ஒன்பது அங்குல டிரேயில் பிஸ்கட் ஒரு வரிசை, மேலே தயிர்க்கலவை ஒரு பூச்சு. இப்படி மூன்று அடுக்கு. டிரே இல்லாவிட்டால் எவர்சில்வர் சம்படம் போதும். மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூடி ரொம்ப முக்கியம். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் தோசை மாவும் மல்லிகைப்பூவும் குடியிருக்கின்றன. திறந்து வைத்தால் டிராமிசு சாமி பிரசாதம் மாதிரி மணக்கும்.

எட்டு மணி நேரமாவது இருக்கட்டும். பிஸ்கட் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று ஆவதும், தயிர் இறுகுவதும் அப்போதுதான் நடக்கும். பழையது மாதிரி, மறுநாள்தான் அதற்கு ருசி. பரிமாறுமுன் டீ வடிகட்டியில் கோகோ பொடியைப் போட்டுத் தட்டித் தட்டித் தூவுங்கள். வெளியே எடுத்தபின் ரொம்ப நேரம் வைக்க வேண்டாம். சாரல் இல்லாத ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற நேரத்துக்குத்தான் எடுக்க வேண்டும். மேன்ஷன்வாசிகளுக்கு ஃப்ரிட்ஜ் பிரச்சினை வரும். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜைக் கேளுங்கள். ஒரு கிண்ணம் வாடகை.

அந்தச் சனிக்கிழமை இரவு, ஹாலில் பதினாலு பேர் குறட்டை விட, நான் சமையலறையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா இது?"

"நாளைக்கு இனிப்பு. டிராமிசு."

"திருவாதிரைக் களியா?"

"இல்லம்மா, இத்தாலி."

"வீட்ல செஞ்சதுதானே?"

"உங்க அடுப்படியிலதான்."

சட்டப்படி செல்லும் என்று அவள் முகம் சொன்னது.

ஞாயிறு காலை இட்லி முடிந்ததும் சென்னை அத்தை, "மதினி, பாயசத்துக்குப் பால் வாங்கணுமா?" என்று கேட்டாள். "வேண்டாமாம்" என்றாள் அம்மா. "அப்ப இங்க என்ன வேலை? மாத்துச் சேலையை எடுங்க" என்று அத்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் பார்டர் பார்சல் முடிந்தது. டிரேயைத் திறந்தேன். மதுரைச் சித்தப்பா ஒரு வாய் போட்டு, "காப்பி அல்வாவால?" என்றார். இரண்டாவது கிண்ணத்துக்கும் அதே சந்தேகம். மாமா தனக்குச் சர்க்கரை வியாதி என்று ஞாபகப்படுத்திவிட்டு ஓரத்தில் ஒரு துண்டு கேட்டார். ஓரமாகவே நாலு துண்டு போயிற்று.

அம்மா கடைசியில்தான் உட்கார்ந்தாள். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. நுனியில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள். ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "லேசாக் கசக்குது. ஆனா நல்லாருக்கு" என்றாள். நான் அருவியைப் பற்றிக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணி தலையில விழும்போது ஒண்ணுமே ஞாபகம் வரலைய்யா. கேஸை அமத்துனேனான்னுகூட" என்றாள்.

இதில் நான் செய்த சாதனை ஒன்றும் பெரிதில்லை. ஐம்பது பிஸ்கட்டை முக்கினேன், அவ்வளவுதான். மூன்று மாத சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றரை மணி நேரம். மற்ற நாளெல்லாம் இட்லிச் சட்டி அவள் கையில்தான். ஆனால் இட்லிக்கும் முதல் நாள் ராத்திரியே ஏதாவது வழியிருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன்.

ஆபீஸ் போகிற தம்பிகளே, உங்கள் வீட்டில் அருவி இல்லாமல் இருக்கலாம். ஆனால் பிறந்தநாள், வளைகாப்பு, நண்பர்கள் பட்டாளம் என்று கூட்டம் வராமலா இருக்கும்? எல்லோரும் கூடத்தில் சிரித்துக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் ஒரு கரண்டிச் சத்தம் தனியாகக் கேட்கும். அந்த நாளுக்கு முதல் நாள் ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சமைக்கத் தெரிய வேண்டாம். பிஸ்கட் முக்கத் தெரிந்தால் சரி.

ஒன்றே ஒன்று. டிரே, வடிதட்டு, கிண்ணம், ஃபில்டர், கரண்டி, வேட்டித் துணி என்று மொத்தம் ஆறு சாமான் விழும். அதையும் நீங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுங்கள். தொட்டியில் போட்டுவிட்டுப் போனால், நீங்கள் செய்தது டிராமிசு இல்லை. அதுவும் இன்னொரு பாயசம்தான்.